கண்ணாடி சுடாது என்று நினைத்தேன்

என் மகளுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. மூன்று வயதில் அவளுக்கு அம்மை போட்டது. இறங்கியபோது இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. வலது கண் தப்பியது. தப்பிய அந்தக் கண்ணைக் காப்பதே அதன் பிறகு எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. கடுகு தாளிக்கும்போது அவளை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன். மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் பஞ்சுத் தூசி பறக்கும் என்பதற்காக, பள்ளிக்குச் சுற்றுவழியில் கூட்டிப்போவேன். தீபாவளியன்று ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் உள்ளேயே இருப்போம். இவ்வளவு பயந்த நான்தான், அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அந்த ஒரு கண்ணைக் கொண்டுபோய் எரியும் இடத்தில் வைத்தேன். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

அப்போது நான் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பூகோளமும் கொஞ்சம் விஞ்ஞானமும் எடுத்தேன். என் கணவருக்குப் போத்தனூர் ஸ்டேஷனில், பார்சல் ஆபீஸில் வேலை. பைகாராவிலிருந்து மின்சாரம் வந்து எங்கள் தெருவிலும் விளக்குக் கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

ஒரு மாலை, கல்லூரியில் பௌதிகம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் தம்முடைய டெலஸ்கோப்பை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மைதானத்தில் பெண் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நிலாவைக் காட்டினார். ஒரு கண்ணை மட்டும் மூடப் பலருக்கு வரவில்லை. சிலர் கையால் பொத்திக்கொண்டார்கள். சிலர் இரண்டையும் மூடிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். என் மகள் முறை வந்தது. அவள் எதையும் மூட வேண்டியிருக்கவில்லை. குனிந்து கண்ணை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

பின்னால் நின்ற பெண் ஒருத்தி பொறுமை இழந்து, "ஏ ஒத்தக்கண்ணி, நகரு" என்றாள்.

என் மகள் தலையைத் தூக்காமலே, "இதுல பாக்கறப்ப எல்லாரும் ஒத்தக்கண்ணிதாண்டி" என்றாள்.

வரிசை முழுவதும் சிரித்தது. கூப்பிட்டவளும் சிரித்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெயரை அவள் காதில் வாங்கிக் கூசிப்போகாமல் இருந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, "நம்ம ஊட்டுக்கு ஒண்ணு வாங்கலாமுங்களா அம்மா?" என்று கேட்டாள். அதுவரை அவள் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. வளையல்கூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து நான் விசாரிக்கத் தொடங்கினேன். பள்ளி நூலகத்தில் வான சாஸ்திரம் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் டெலஸ்கோப் வாங்குவோருக்கான பகுதியையும், நிலா, கிரகங்கள் பற்றிய பகுதிகளையும் குறிப்பெடுத்துக்கொண்டு படித்தேன். சூரியனைப் பற்றிய பகுதியைப் புரட்டாமல் விட்டேன். எங்களுக்கு வேண்டியது நிலாவும் கிரகங்களும்தானே என்று நினைத்தேன்.

சித்திரை மாதத்தில் என் கணவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஆனைமலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பிவிட்டார் என்றும், அவருடைய சாமான்கள் ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்திருக்கின்றன என்றும், அவற்றில் டெலஸ்கோப் இரண்டு இருக்கிறது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.

கிராமபோன் பெட்டிக்கும் மான் கொம்புகளுக்கும் நடுவில் இரண்டும் இருந்தன. ஒன்று பித்தளைக் குழாய், பளபளவென்று, ஒரு கஜத்துக்கு மேல் நீளம். முன்னால் லென்ஸ். பின்னால் கண் வைத்துப் பார்க்க வேண்டும். மற்றது மரப்பலகைகளைச் சேர்த்து எட்டுப் பட்டையாகச் செய்த குழாய், கறுப்புச் சாயம் பூசியது. அதில் முன்னால் லென்ஸ் இல்லை. குழாயின் அடியில் குழிவான கண்ணாடி ஒன்று படுத்திருந்தது. அதில் விழும் வெளிச்சம் திரும்பி மேலே வந்து, சாய்வாக வைத்த ஒரு சின்னக் கண்ணாடியில் பட்டு, பக்கவாட்டில் இருக்கும் துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளையில்தான் கண்ணை வைக்க வேண்டும்.

கடைக்காரருக்கு அது தெரியவில்லை. அவர் குழாயின் திறந்த வாயில் முகத்தை விட்டுப் பார்த்தார்.

"இதுல என்ற மூஞ்சிதானுங்க தெரியுது. தொரை சவரம் பண்றதுக்கு வச்சிருப்பாரோ என்னமோ" என்றார்.

"அப்படியாவது மூஞ்சி பெருசாத் தெரியுதுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"மூக்கு மட்டும் பெருசுங்க. அது ஊட்டுலயும் அப்படித்தான்னு சொல்லுவாங்க" என்றார் அவர். பிறகு பித்தளைக் குழாயைத் தட்டிக் காட்டினார். "இத எடுத்துட்டுப் போங்க அம்மணி. கூடத்துல வச்சா ஊட்டுக்கே ஒரு லட்சணம். அது பாருங்க, தண்ணிக் கொழாயாட்டம் இருக்குது."

நான் குறிப்பெடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் சோதித்தேன். வாசலில் நிறுத்தி, தொலைவில் தெரிந்த ஒரு மில் புகைபோக்கியைப் பார்த்தேன். பித்தளைக் குழாயில் புகைபோக்கியின் ஓரமெல்லாம் ஊதாக் கரை கட்டியது போலத் தெரிந்தது. மரக் குழாயில் அந்தக் கரை இல்லை. செங்கல் செங்கலாக, தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகத் தெரிவது குற்றமில்லை, நிலாவுக்கு மேல் கீழ் ஏது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். குழாயை விரலால் சுண்டிவிட்டு, ஆட்டம் அடங்கும்வரை எண்ணினேன். உயரமான முக்காலியில் இருந்த பித்தளைக் குழாய் ஒன்பது எண்ணும்வரை நடுங்கியது. கனமான அடிமரத்தில் உட்கார்ந்திருந்த மரக் குழாய் மூன்றில் நின்றது. குழிக் கண்ணாடியின் குறுக்களவு நான்கு அங்குலம். ஓரத்தில் வெள்ளிப் பூச்சு கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. நடுவில் சுத்தமாக இருந்தது. கண் வைக்கும் வில்லைகள் இரண்டு இருந்தன. அதிகமாகப் பெரிதாக்கும் வில்லையில் எல்லாம் மங்கிக் கலங்கியது. குறைவாகப் பெரிதாக்கும் வில்லையில் கூர்மையாகத் தெரிந்தது. தொடக்கத்தில் அதுவே போதும் என்று முடிவு செய்தேன்.

இவ்வளவையும் சரியாகத்தான் பார்த்தேன். ஆனால் என் மனசுக்குள் இருந்த தீர்மானம் இவற்றால் ஆனதல்ல. பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் காகிதம் பற்றிக்கொள்ளும் என்று நானே வகுப்பில் செய்து காட்டுகிறவள். அதனால் லென்ஸ் என்றாலே எனக்கு நெருப்பு. பிம்பம் காட்டும் கண்ணாடி அப்படியில்லை என்று நம்பினேன். நான் பிறந்து வளர்ந்தது பல்லடம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். சூரிய கிரகணம் என்றால் எங்கள் அம்மா வாசலில் பெரிய தாம்பாளம் வைத்து, அதில் சாணித் தண்ணீர் ஊற்றிவைப்பார். நேரே அண்ணாந்து பார்க்கக் கூடாது, தண்ணீரில் தெரிகிற பிம்பத்தைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் தாம்பாளத்தைச் சுற்றிக் குந்தி, தேய்ந்துகொண்டே வரும் பொழுதைப் பார்ப்போம். யாருக்கும் கண் கெட்டதில்லை. நேராக வருவது சுடும், பிம்பம் சுடாது. எந்தப் புத்தகத்தையும்விட இதைத்தான் நான் உறுதியாக நம்பியிருந்தேன். இந்தக் குழாயில் வெளிச்சம் ஒரு தடவையல்ல, இரண்டு தடவை கண்ணாடியில் பட்டு வருகிறது. இதைவிடப் பத்திரம் வேறென்ன?

கடையில் வைத்தே இதை மகளிடம் சொன்னேன். "இதுல நேரா எதுவும் கண்ணுக்கு வராது கண்ணு. எல்லாம் கண்ணாடில பட்டுத்தான் வரும். தாம்பாளத்துல பாக்கற மாதிரி."

அவள் தலையாட்டினாள். என் கணவர் மரக் குழாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான்கு மாதங்கள் வீட்டில் நல்ல காலம். அந்தி மயங்கியதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். முதல் நாள் நிலாவைப் பார்த்துவிட்டு அவள், "நெலாவுக்கும் அம்மை போட்டிருக்குதுங்மா" என்றாள். அவள் முகத்தில் இருந்த தழும்புகளைப் பற்றி அவளே பேசியது அப்படித்தான் தொடங்கியது. மேற்கே வியாழனையும் அதை ஒட்டி வரிசையாக நின்ற நான்கு புள்ளிகளையும் பார்த்தாள். தினமும் அவை எங்கெங்கே நிற்கின்றன என்று நோட்டில் போட்டு வைத்தாள். ஆடி மாதத்தில் கிழக்கே சனி எழுந்தது. வளையத்தோடு அதைப் பார்த்த அன்று, ஓடிப்போய் அவள் அப்பாவை எழுப்பினாள்.

"ஏனுங்க அம்மணி, ஊர்ல எல்லாரும் சனி பார்வை படக் கூடாதுன்னு கோயில் கோயிலாப் போறாங்க. நீங்க ரெண்டு பேரும் அவரத் தேடிப் புடிச்சுப் பாக்கறீங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அவரும் வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பள்ளியில் அவள் நடை மாறியிருப்பதாக மற்ற ஆசிரியைகள் சொன்னார்கள். இடது பக்கம் யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் குறைந்திருந்தது. நான் அடுப்படியிலிருந்து அவளை விரட்டுவதும் கொஞ்சம் குறைந்தது.

ஆவணியில் சூரிய கிரகணம் வந்தது. காலை நேரம், பாதியளவுக்குப் பிடிக்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பள்ளிக்கு விடுமுறை. ரயிலுக்கு விடுமுறை இல்லை. என் கணவர் விடியற்காலையிலேயே போத்தனூருக்குப் போய்விட்டார். நான் வழக்கப்படி மொட்டை மாடியில் தாம்பாளத்தை வைத்து, சாணியைக் கரைத்து ஊற்றினேன். மகள் பக்கத்தில் குந்தினாள்.

அன்று பாலக்காட்டுக் காற்று நிற்காமல் வீசியது. தண்ணீர் அடங்கவே இல்லை. சூரியன் அதில் நூறு துண்டாகச் சிதறியது. தாம்பாளத்தைச் சுவர் ஓரமாக நகர்த்தினேன். அங்கே வெயில் விழவில்லை. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலீங்மா. ஆடுது" என்றாள். பிறகு, "டெலஸ்கோப்பும் கண்ணாடிதானுங்களே? அது ஆடாதுங்களே?" என்றாள்.

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். கடையில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. தாம்பாளம் நினைவுக்கு வந்தது. என் அம்மா, குந்தியிருந்த பிள்ளைகள், எல்லாம் நினைவுக்கு வந்தது. "ஆமா, அதும் பிம்பந்தான்" என்றேன்.

குழாயைத் தூக்கிவந்து வெயிலில் வைத்தேன். சூரியன் இருக்கும் திசைக்கு அதை எப்படித் திருப்புவது என்பதற்கும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அண்ணாந்து பார்க்க வேண்டாம், தரையில் விழும் குழாயின் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் நீளமாக இருந்தால் குழாய் விலகியிருக்கிறது. நிழல் சுருங்கி எட்டுப் பட்டையாக நின்றால் குழாய் சூரியனுக்கு நேராக இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அவள் துளையில் கண்ணை வைத்துக்கொண்டாள். நான் அடிமரத்தைப் பிடித்து, நிழலைப் பார்த்துக்கொண்டே குழாயை நகர்த்தினேன்.

"வந்துச்சா?"

"இல்லீங்மா. இருட்டாத்தான் இருக்குது."

நிழல் சுருங்கியது.

"இப்ப?"

"ஒரு ஓரமா வெளிச்சமாட்டம் வருதுங்மா. இன்னுஞ் சித்தத் திருப்புங்க."

அப்போது ஒரு காற்று அடித்தது. அவளுடைய பின்னல் தோளைத் தாண்டி முன்னால் வந்து முகத்தில் விழுந்தது. அதைத் தள்ளிவிட அவள் தலையைத் தூக்கினாள். நான் அதைக் கவனிக்கவில்லை. நிழலையே பார்த்துக்கொண்டு குழாயைத் திருப்பினேன். நிழல் எட்டுப் பட்டையாக வந்து நின்றது.

முடி கருகும் நாற்றம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையில் பிடித்திருந்த பின்னலின் நுனி துளைக்கு முன்னால் இருந்தது. அதிலிருந்து மெல்லிய நூலாகப் புகை போய்க்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் அவளை இழுத்த வேகத்தில் இருவரும் தாம்பாளத்தின் மேல் விழுந்தோம். சாணித் தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. அவள் முகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணச் சொன்னேன். எண்ணினாள். சுவரில் இருந்த எறும்பைக் காட்டினேன். சொன்னாள். மறுபடி எண்ணச் சொன்னேன். கிரகணம் எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது.

கத்தரிக்கோலால் கருகிய நுனியை வெட்டினேன். மாலையில் அவள் அப்பா வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள், ஏதோ வேடிக்கை போல. அவர் குழாயை எடுத்துப் பரணில் வைத்து, ஏணியையும் நகர்த்திவைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறு ஞாயிறு, அவர்கள் இருவரும் சந்தைக்குப் போயிருந்தபோது, ஏணியை வைத்துக் குழாயை இறக்கினேன். மாடிக்குக் கொண்டுபோய், நிழலைப் பார்த்துத் திருப்பி, கண் வைக்கும் துளைக்கு முன்னால் ஒரு தபால் அட்டையைப் பிடித்தேன். இரண்டு எண்ணுவதற்குள் அட்டையில் ஓட்டை விழுந்தது. ஓரம் கறுத்து, உள்ளே ஒரு மொச்சை அளவு வெளிச்சம். மறுபடி செய்தேன். இன்னொரு ஓட்டை. எத்தனை முறை செய்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்த மகள் மாடிப்படியில் நின்று இதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்கதானுங்களேம்மா சொன்னீங்க, கண்ணாடின்னா ஒண்ணும் ஆகாதுன்னு" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தப்பாச் சொல்லிப்போட்டேன் கண்ணு" என்றேன்.

அதற்குள் பதினெட்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். இப்படி ஒரு வாக்கியத்தை எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அவள் அட்டையை வாங்கி, ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நெலாவும் சுடுங்களா?"

சுடாது என்று என் நாக்கில் வந்தது. சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்த எதுவும் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பள்ளி முடிந்ததும் அந்தக் கல்லூரி ஆசிரியரைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"எந்த டெலஸ்கோப்பா இருந்தாலும் சூரியனப் பாத்தா கண்ணு போயிரும்ங்க. லென்ஸா இருந்தாலும் சரி, கண்ணாடியா இருந்தாலும் சரி. கண்ணாடி சுடாதுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலீங்க. நானே நெனச்சுகிட்டேன். தாம்பாளத்துல பாக்கறோமுங்களே?"

"சாணித் தண்ணி வெளிச்சத்தத் திருப்பிக் குடுக்கறது ரொம்பக் கொஞ்சம். வெள்ளி பூசின கண்ணாடி வாங்கினத அப்படியே குடுத்துரும். அதும் குழியா இருந்தா, அத்தனையும் ஒரே எடத்துல கொண்டாந்து சேக்கும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நிலாவும் கிரகமும் எத்தனை நேரம் பாத்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க. தைரியமாப் பாக்கச் சொல்லுங்க. கொழந்தைகிட்ட இருந்து அத எடுத்துராதீங்க" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனாலும் குழாய் மறுபடி பரணுக்கே போய், அங்கே மூன்று மாதம் இருந்தது. மகள் கேட்கவில்லை. வியாழனுக்கென்று வைத்திருந்த நோட்டில் கணக்குப் போட்டாள். மூன்றாவது மாதம் பள்ளியில் மறுபடி சுவரை ஒட்டி, இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து நடக்கத் தொடங்கினாள். அதை நான் இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் அவள் அப்பாவிடம் ஏணியை எடுத்துத் தரச் சொன்னேன்.

"நெசமாத்தானுங்களா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துத் தந்தார்.

கார்த்திகை மாதம், மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. பொழுது முழுவதும் இறங்கிவிட்டதா என்று மேற்கே நான் எத்தனை முறை பார்த்தேனோ. தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகே குழாயை மூடியிருந்த துணியை எடுத்தேன். வளர்பிறை நிலா உச்சியில் நின்றது. அவள் முக்காலியில் உட்கார்ந்து, பின்னலைத் தானே முதுகுப் பக்கம் தள்ளி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அவள் குனியும் முன் நான் என் உள்ளங்கையைத் துளைக்கு நேராகப் பிடித்தேன். சில்லென்ற வெள்ளை வெளிச்சம் ஒன்று, ஒரு மிளகு அளவு, ரேகையின் மேல் வந்து உட்கார்ந்தது. சூடு இல்லை. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். சூடு இல்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்க வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

"ஆச்சுங்களாம்மா?"

"ஆச்சு கண்ணு. பாரு."

அவள் கண்ணை வைத்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எத்தனையோ மாலைகள் அந்தக் குழாயை எடுத்திருக்கிறோம். நான் கை வைத்து எண்ணாமல் அவள் ஒரு நாளும் குனிந்ததில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னதும் இல்லை.